ரத்த செல்லுக்கு வழி காட்டுறது யாரு, லுகேமியால அந்த வழி எங்க அடைபடுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் பத்தி பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் தான் வருது. பயாலஜி படிக்கிற பசங்க கேக்குறது ஒரு விதம், வீட்ல ஒருத்தருக்கு நோய் வந்து ரிப்போர்ட்டை கையில வச்சிக்கிட்டு கேக்குறது இன்னொரு விதம். ரெண்டு பேருக்கும் பதில் ஒரே இடத்துல தான் கிடக்குது, டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள்ல. அதான் கேள்விகளை கேட்டவங்க வார்த்தையிலயே போட்டு மொத்தமா எழுதிட்டேன். சிகிச்சை முடிவெல்லாம் உங்க டாக்டர்கிட்ட பேசி தான் எடுக்கணும், இது விஷயம் புரியிறதுக்காக.

டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னா என்னங்க, அது ஜீனா புரோட்டீனா?

புரோட்டீன். அதை செய்யுறதுக்கான ஜீனுக்கும் அதே பேரை வச்சிருக்கிறதால தான் குழப்பம். இதோட வேலை டிஎன்ஏல ஒரு குறிப்பிட்ட சின்ன எழுத்து வரிசையை தேடிப் போய் ஒட்டிக்கிறது, ஒட்டிக்கிட்டு பக்கத்துலயோ இல்ல ரொம்ப தள்ளியோ இருக்குற ஜீனை வேலை செய்ய வைக்கிறது, இல்லன்னா நிறுத்தி வைக்கிறது. காட்டா1னு ஒண்ணு இருக்கு, அது ஜி-ஏ-டி-ஏ நடுவுல வர்ற ஆறு எழுத்து வரிசையைப் பாத்தா ஒட்டும். மனுஷங்க கிட்ட இந்த மாதிரி சுமார் 1600 இருக்கு, ரத்தம் உருவாகுறதுல பெரிய பங்கு இருக்குறது அதுல கொஞ்சம் தான்.

இன்னொண்ணு, இதுங்க தனியா எதையும் சாதிக்கிறதில்ல. ஒட்டின இடத்துக்கு வேற புரோட்டீன்களை கூட்டிட்டு வரும். சிலது சுருட்டி வச்சிருக்கிற டிஎன்ஏவை தளர்த்தி ஜீனை திறந்து விடும், சிலது இன்னும் இறுக்கி மூடிடும். யாரைக் கூட்டிட்டு வருதுங்கிறது லுகேமியால ரொம்ப முக்கியமாகும், கீழ வரும்.

எல்லா ரத்த செல்லுக்கும் ஒரே டிஎன்ஏ தானே? அப்புறம் எப்படி ஒண்ணு சிவப்பணு ஆகுது, ஒண்ணு வெள்ளையணு ஆகுது?

ஆமா, ஏறக்குறைய ஒரே டிஎன்ஏ தான் (பி செல், டி செல்ங்கிற ரெண்டு வகை வெள்ளையணுவும் ஆன்டிபாடி மாதிரி விஷயங்களுக்காக தங்களோட சில ஜீன்களை வெட்டி ஒட்டிக்கும், சிவப்பணு முதிரும்போது நியூக்ளியஸையே வெளிய தள்ளிடும், அது ரெண்டும் விதிவிலக்கு). வித்தியாசம் எந்த ஜீன் திறந்திருக்கு எது மூடியிருக்குங்கிறதுல. சிவப்பணு ஆகப்போற செல்லுல ஹீமோகுளோபின் ஜீன் முழு வேகத்துல ஓடும், நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணுல அது மூடிக் கிடக்கும், கிருமியை கொல்லுற என்சைம் ஜீன்கள் ஓடும். எதை திறக்கணும் எதை மூடணும்னு முடிவு பண்றது அந்தந்த செல்லுல இருக்குற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களோட கூட்டணி.

இந்த வேலையெல்லாம் உடம்புல எங்க நடக்குது?

பெரியவங்களுக்கு எலும்பு மஜ்ஜைல. அங்க இருக்குற ரத்த ஸ்டெம் செல்கள் (எல்லா ரத்த செல்லும் கிளம்புற மூல செல்கள்) கொஞ்சம் தான், அதுங்களும் பெரும்பாலும் தூங்கிட்டு தான் இருக்கும், அதுக்கு கீழ இருக்குற இடைநிலை செல்கள் தான் படபடன்னு பிரிஞ்சு எண்ணிக்கையை தருது. ஒரு நாளைக்கு சுமார் 20,000 கோடி சிவப்பணு புதுசா வரணும், ஏன்னா ஒரு சிவப்பணு 120 நாள் தான் வாழும். பிளேட்லெட் ஒரு வாரம் பத்து நாள். நியூட்ரோஃபில் அதை விட ரொம்ப கம்மி. இவ்வளவு வேகமா ஓடுற இடத்துல முதிர்ச்சி ஒரு படியில நின்னுட்டா கூட சில வாரத்துலயே பாதிப்பு வெளிய தெரிஞ்சிடும்.

எந்த ஃபேக்டர் எந்த செல்லை உருவாக்குதுன்னு சிம்பிளா சொல்லிடுங்களேன்?

சொல்றேன், ஆனா ஒண்ணுக்கு ஒண்ணுன்னு மனப்பாடம் பண்ணிடாதீங்க. ரன்எக்ஸ்1 இல்லாம ரத்த ஸ்டெம் செல்லே பிறக்காது, கருவுல பெரிய ரத்தக்குழாயோட உள்சுவர்ல இருந்து அந்த செல்கள் பிரிஞ்சு வர்றதுக்கே அது வேணும், அந்த ஜீனை எடுத்துட்ட எலிகள் கருவுலயே செத்துடுது. காட்டா2 ஸ்டெம் செல்லை காப்பாத்தி வைக்கும். காட்டா1 சிவப்பணுவுக்கும் பிளேட்லெட் தர்ற மெகாகேரியோசைட்டுக்கும். சி-இபிபி ஆல்ஃபா நியூட்ரோஃபில் பக்கம் தள்ளும். பேக்ஸ்5 பி செல். டி செல்லுக்கு நாட்ச் சிக்னல் வந்து அதுக்கப்புறம் டிசிஎஃப்1, காட்டா3, பிசிஎல்11பின்னு ஒரு வரிசையே இருக்கு.

பியு.1 தான் எனக்கு இதுல ரொம்ப சுவாரசியம். அது மேக்ரோஃபேஜுக்கும் (கிருமியை விழுங்குற வெள்ளையணு) வேணும் பி செல்லுக்கும் வேணும், ஆனா அளவு வேற. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைச்சுக்கங்க, கம்மியா வச்சா பி செல், ஏத்தி வச்சா மேக்ரோஃபேஜ். அதனால 'இந்த ஃபேக்டர் இருக்கா இல்லையா'ன்னு மட்டும் கேட்டா பத்தாது, எவ்வளவு இருக்கு, கூட யாரு இருக்கா, எந்த நேரத்துல இருக்குன்னும் கேக்கணும்.

ஸ்டெம் செல் 'நான் இது ஆகப்போறேன்'னு எப்படி முடிவு பண்ணுது? காட்டா1ம் பியு.1ம் சண்டை போடும்னு படிச்சேனே?

படிச்சது சரிதான். காட்டா1ம் பியு.1ம் நேரடியா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் தடுக்கும், அதோட ரெண்டும் தன்னோட ஜீனை தானே ஊக்குவிக்கும். அதனால ஒரு பக்கம் கொஞ்சம் ஓங்கிட்டா அது மேல மேல ஓங்கி இன்னொண்ணை அமுக்கிடும், செல் ஒரு பாதையில போயிடும். 1999, 2000 வாக்குல வந்த ஆராய்ச்சிகள் இதைக் காட்டுச்சு, பாடப்புத்தகத்துல எல்லாம் இந்தப் படம் தான் வரும்.

ஆனா 2016ல எலி செல்கள்ல இந்த ரெண்டு புரோட்டீனுக்கும் ஒளிர்ற குறியீடு போட்டு, ஒவ்வொரு செல்லா நாள் கணக்குல தொடர்ந்து கவனிச்சாங்க. ரெண்டும் சரிசமமா மோதி அதுல இருந்து முடிவு பிறக்குதுங்கிறது அங்க தெரியல, காட்டா1 கண்ணுக்குத் தெரியுற நேரத்துல செல் ஏற்கனவே பாதையை எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு. அதாவது இந்த சண்டை முதல் முடிவை எடுக்குறதை விட எடுத்த முடிவை பூட்டி வைக்கிறதுல தான் பயன்படுதுன்னு எடுத்துக்கலாம். முதல் தள்ளு எங்க இருந்து வருதுன்னா, வேற ஃபேக்டர்கள், மஜ்ஜைல சுத்தி இருக்குற செல்கள் தர்ற சிக்னல், கொஞ்சம் தற்செயல்னு எல்லாம் கலந்து தான் வருது.

ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அவ்வளவுதானா, திரும்ப மாறவே முடியாதா?

இயல்பா உடம்புல மாறாது. லேப்ல மாத்தி காட்டியிருக்காங்க. 2004ல எலியோட பி செல்லுக்குள்ள சி-இபிபி ஆல்ஃபாவை வலுக்கட்டாயமா ஏத்தினாங்க, அது மேக்ரோஃபேஜா மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி 1999லயே பேக்ஸ்5 இல்லாத ஆரம்பநிலை பி செல்கள் டி செல், மேக்ரோஃபேஜ்னு வேற வேற செல்லா ஆகுறதை பாத்திருக்காங்க. அப்போ பேக்ஸ்5 வேலை பி செல் ஜீன்களை திறக்குறது மட்டும் இல்ல, மத்த கதவுகளை எல்லாம் மூடி வைக்கிறதும் தான். இது வெறும் லேப் வேடிக்கை இல்லங்க, குழந்தைகளுக்கு வர்ற பி-ஏஎல்எல்ல (பி செல் பாதையில வர்ற அக்யூட் லுகேமியா, டி செல் பாதையில வந்தா டி-ஏஎல்எல்) கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குல பேக்ஸ்5 ஜீன்ல ஏதாவது ஒரு கோளாறு இருக்கு.

லுகேமியான்னா வெள்ளையணு அதிகமாகுறது, அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்காகவே தான் இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பிச்சேன். அக்யூட் லுகேமியால, அதாவது வேகமா முத்துற வகையில, அதிகமாகுறது முதிர்ந்த வெள்ளையணு இல்ல, பிளாஸ்ட்னு சொல்ற முதிராத செல். அது பாதி வழியில நின்னுடுச்சு, மேல முதிர முடியல, சாகவும் மாட்டேங்குது, பிரிஞ்சிக்கிட்டே இருக்கு. மஜ்ஜை முழுக்க அதுவே நிறைஞ்சிடுறதால சிவப்பணு குறைஞ்சு மூச்சு வாங்குது, பிளேட்லெட் குறைஞ்சு ரத்தம் கசியுது, உண்மையான நியூட்ரோஃபில் இல்லாததால காய்ச்சல் விடாம அடிக்குது. வெள்ளையணு கவுன்ட் ஒரு லட்சம்னு ரிப்போர்ட் வந்தாலும் கிருமியோட சண்டை போட ஆள் இல்ல. சில பேருக்கு மொத்த கவுன்ட் கம்மியா கூட இருக்கும், அப்பவும் அது லுகேமியா தான்.

ஏன் பாதியில நிக்குதுன்னா, முதிர வைக்கிற ஜீன்களை திறக்க வேண்டிய டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் கெட்டுப்போயிருக்கு, இல்லன்னா அதோட வேலையை வேற ஏதோ தடுக்குது. வேகமா வளருறது நோயோட ஒரு பாதி தான், முதிர முடியாம நிக்கிறது மறுபாதி. இந்த மறுபாதியை விட்டுட்டா சிகிச்சைல நடந்த பெரிய விஷயங்கள் எதுவுமே புரியாது.

அந்த ஃபேக்டர் எப்படி கெட்டுப்போகுது?

மூணு நாலு விதமா. ஒண்ணு, குரோமோசோம் உடைஞ்சு தப்பா ஒட்டிக்கிறது. 1973ல ஜேனட் ரௌலிங்கிற அமெரிக்க டாக்டர் ஏஎம்எல் (அக்யூட் மைலாய்ட் லுகேமியா, நியூட்ரோஃபில் மாதிரி செல்களோட பாதையில வர்றது) நோயாளிகள்ல 8ஆவது குரோமோசோமும் 21ஆவது குரோமோசோமும் துண்டுகளை மாத்திக்கிட்டிருக்கிறதை கண்டுபிடிச்சாங்க. அதுல ரன்எக்ஸ்1ஓட முன்பாதி, ரன்எக்ஸ்1டி1ங்கிற இன்னொரு ஜீனோட சேர்ந்து ஒரு கலப்பு புரோட்டீனா வருது. இது டிஎன்ஏல ரன்எக்ஸ்1 உக்கார வேண்டிய அதே இடத்துல தான் போய் உக்காருது, ஆனா ஜீனை திறக்குற ஆட்களுக்கு பதிலா மூடுற ஆட்களை கூட்டிட்டு வருது. முதல் பதில்ல சொன்னேனே யாரைக் கூட்டிட்டு வருதுங்கிறது முக்கியம்னு, அது இதுக்காகத்தான்.

அடுத்தது ஜீன்ல ஓரிரு எழுத்து மாறுறது, சி-இபிபி ஆல்ஃபா, ரன்எக்ஸ்1, காட்டா2 எல்லாத்துலயும் பாக்கலாம். பி-ஏஎல்எல்ல இகாரோஸ்னு ஒரு ஃபேக்டரோட ஜீன்ல துண்டு துண்டா காணாம போகும். இன்னொரு விதம் ஃபேக்டர் நல்லா தான் இருக்கும், இருக்கக் கூடாத செல்லுல இருக்கும், டி-ஏஎல்எல்ல டிஏஎல்1 அப்படித்தான், டி செல் முதிரும்போது அணைஞ்சு போக வேண்டியது அணையாம எரிஞ்சிக்கிட்டே இருக்கும்.

ஒரு ஜீன் கெட்டுப்போனா உடனே லுகேமியா வந்துடுமா?

பெரும்பாலும் வராது. குழந்தைகள் ஏஎல்எல்ல அடிக்கடி பாக்குற இடிவி6-ரன்எக்ஸ்1 கலப்பு நிறைய பேருக்கு அம்மா வயித்துலயே உண்டாகிடுது, பிறந்தப்போ குதிகால்ல எடுத்த ரத்தத்துளி காஞ்சு போன அட்டையில வருஷங்கள் கழிச்சு தேடிப் பாத்து இதை உறுதி பண்ணியிருக்காங்க. அந்தக் கலப்போட பிறக்குற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு நோய் வர்றதே இல்ல. வர்றவங்களுக்கு பின்னால வேற ஜீன்கள்லயும் மாற்றம் சேருது. அதே மாதிரி ரன்எக்ஸ்1-ரன்எக்ஸ்1டி1 கலப்பை மட்டும் எலிக்கு கொடுத்தா லுகேமியா வரமாட்டேங்குது.

ஏஎம்எல்ல பொதுவா ரெண்டு வகை கோளாறு கை கோர்க்கும்: முதிர்ச்சியை தடுக்குற ஒண்ணு, வளர்ச்சி சிக்னலை நிறுத்தாம அடிக்க வைக்கிற ஒண்ணு (எஃப்எல்டி3, கிட், ராஸ் மாதிரி). எல்லா நோயாளியும் இந்த ரெண்டு கட்டத்துக்குள்ள அடங்க மாட்டாங்க, ஆனா புரிஞ்சிக்கிறதுக்கு நல்ல வழி. அப்புறம் பெத்தவங்க நிறைய பேர் 'நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா'ன்னு கேக்குறாங்க. இல்லங்க. செல் பிரியும்போது தற்செயலா நடக்குற உடைப்பு இது, நீங்க செஞ்சதாலயோ செய்யாததாலயோ வந்தது இல்ல.

சிஎம்எல்லயும் இதே கதை தானா?

ஆரம்பத்துல இல்ல. சிஎம்எல்ல, அதாவது மெதுவா வளர்ற நாள்பட்ட மைலாய்ட் லுகேமியால, 9ஆவது குரோமோசோமும் 22ஆவது குரோமோசோமும் துண்டு மாறி பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) வருது, அது டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் இல்ல, வளர்ச்சி சிக்னல் அனுப்புற என்சைம். அதனால செல் நல்லாவே முதிரும், எண்ணிக்கை தான் எக்கச்சக்கமா போகும். 2001ல வந்த இமாட்டினிப் அந்த என்சைமை அடைச்சதும் நோய் அடங்கிடுது. கவனிக்க வேண்டியது, இதே சிஎம்எல் சரியா கட்டுப்படாம பிளாஸ்ட் கட்டத்துக்கு போகும்போது ரன்எக்ஸ்1, இகாரோஸ் மாதிரி ஃபேக்டர்கள்ல கோளாறு அடிக்கடி சேர்ந்திருக்கும். முதிர்ச்சி அடைபட்டதும் அதுவும் அக்யூட் லுகேமியா மாதிரியே ஆகிடுது.

அப்போ பாதியில நிக்கிற செல்லை முதிர வச்சிட்டா நோய் போயிடுமா?

ஒரு வகையில நிஜமாவே போயிருக்கு. ஏபிஎல்னு (APL, மேல வந்த BCR-ABL இல்ல) சொல்ற அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா, ஒரு காலத்துல ரத்தக்கசிவால சில நாள்லயே ஆளை கொண்டு போயிடும். அதுல 15ஆவது குரோமோசோமும் 17ஆவது குரோமோசோமும் துண்டு மாறி பிஎம்எல்-ரார் ஆல்ஃபாங்கிற கலப்பு வருது. ரார் ஆல்ஃபா ரெட்டினாயிக் ஆசிட் வந்து ஒட்டினா வேலை செய்யுற ஃபேக்டர். கலப்பு வடிவம் உடம்புல வழக்கமா இருக்குற ரெட்டினாயிக் ஆசிட் அளவுக்கு அசையாது, மூடுற ஆட்களை பிடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கும். ஷாங்காய்ல வாங் ஜென்யீயும் அவரோட குழுவும் ஏட்ராங்கிற ரெட்டினாயிக் ஆசிட்டை அதிக அளவுல கொடுத்து 24 நோயாளிகளோட முடிவை 1988ல வெளியிட்டாங்க. செல்லை கொல்லல, முதிர வச்சாங்க, முதிர்ந்த நியூட்ரோஃபில் தன் ஆயுசு முடிஞ்சு தானா செத்துடும்.

ஏட்ரா மட்டும் கொடுத்தா நோய் திரும்ப வந்துச்சு, அதனால முதல்ல கீமோவோட சேர்த்தாங்க, பிறகு ஆர்செனிக் டிரைஆக்சைடோட. ஆர்செனிக் அந்தக் கலப்போட பிஎம்எல் பக்கத்தை பிடிச்சு புரோட்டீனையே அழிய வைக்குது, ஏட்ரா இன்னொரு பக்கம். இன்னைக்கு அவ்வளவா ஆபத்து இல்லாத பிரிவு ஏபிஎல்லுக்கு வழக்கமான கீமோவே இல்லாம இந்த ரெண்டுலயே 90 சதவீதத்துக்கு மேல குணமாகுறாங்க. இப்பவும் உயிர் போறது பெரும்பாலும் முதல் சில நாள்ல, ரத்தக்கசிவால. அதனால தான் ஏபிஎல்னு சந்தேகம் வந்த உடனே ஜீன் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம டாக்டர்கள் ஏட்ராவை ஆரம்பிச்சிடுறாங்க.

முதிர வைக்கிற மருந்துன்னா கீமோ மாதிரி ஆபத்து இருக்காதுல்ல?

இருக்கு, வேற மாதிரி. நிறைய செல் ஒரே நேரத்துல முதிர ஆரம்பிச்சா அது நுரையீரல், சிறுநீரகம்னு திசுக்களுக்குள்ள புகுந்து வீக்கத்தை கிளப்பும். காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர்னு எடை ஏறுறது, கால் வீக்கம் எல்லாம் வரும். டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம்னு பேரு. சீக்கிரம் கண்டுபிடிச்சு டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கொடுத்தா பெரும்பாலும் சமாளிச்சிடலாம். வீட்ல இருக்கும்போது மூச்சு வாங்க ஆரம்பிச்சா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே போன் பண்ணுங்க.

ஏட்ரா வைட்டமின் ஏ சொந்தக்காரன் தானே, அப்போ வைட்டமின் ஏ மாத்திரை நிறைய போட்டா லுகேமியாவுக்கு நல்லதா?

தயவு செஞ்சு வேண்டாம். ஏட்ரா ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு தினம் 45 மில்லிகிராம் கொடுக்குறாங்க, ஒரு பெரியவருக்கு மொத்தம் 70-80 மில்லிகிராம் வரும். நமக்கு ஒரு நாளைக்கு தேவையான வைட்டமின் ஏ ஒரு மில்லிகிராம் கூட இல்ல. அவ்வளவு வைட்டமின் ஏ சாப்பிட்டா கல்லீரல் கெடும், கர்ப்பமா இருந்தா குழந்தைக்கு ஊனம் வரலாம். அதோட ஏட்ரா இவ்வளவு அற்புதமா வேலை செய்யுறது மேல சொன்ன அந்த ஒரு கலப்பு புரோட்டீன் இருக்குறவங்களுக்கு தான்.

அப்படின்னா மத்த லுகேமியாவுக்கு ஏன் இதே மாதிரி ஒரு மாத்திரை கண்டுபிடிக்கல?

ரார் ஆல்ஃபாவுல இயற்கையாவே ஒரு சின்ன மூலக்கூறு போய் உக்காருறதுக்கு குழி இருக்கு, மருந்து அங்க போச்சு. ரன்எக்ஸ்1, சி-இபிபி ஆல்ஃபா, பியு.1ல எல்லாம் அப்படி ஒரு வசதியான குழி இல்ல, டிஎன்ஏவையும் மத்த புரோட்டீனையும் பரந்த பரப்பால பிடிக்குது, அதை சின்ன மருந்தால தடுக்குறது கஷ்டம். கெட்டுப்போய் காணாம போன ஃபேக்டரை மாத்திரையால திருப்பி கொடுக்குறது அதை விட கஷ்டம்.

அதனால சுத்து வழியில போறாங்க. ஐடிஹெச் ஜீன் மாறின ஏஎம்எல்ல ஒரு வேதிப்பொருள் தேங்கி, ஜீன்களை திறக்க உதவுற என்சைம்களை முடக்குது, அதை நிறுத்துற எனாசிடெனிப் 2017லயும் ஐவோசிடெனிப் 2018லயும் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, ரெண்டும் செல்லை முதிர வைக்குது. கேஎம்டி2ஏ கலப்பு இருக்குற லுகேமியால ஹாக்ஸ்ஏ9, மெய்ஸ்1ங்கிற ஸ்டெம் செல் ஃபேக்டர்கள் அணையாம ஓடும், அதுக்கு மெனின்ங்கிற புரோட்டீன் துணை வேணும், அந்தத் துணையை பிரிக்கிற ரெவுமெனிப் 2024 நவம்பர்ல அனுமதி வாங்குச்சு. இந்த மூணுக்கும் டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம் எச்சரிக்கை உண்டு, ஏன்னா இதுங்களும் செல்லை முதிரத்தான் வைக்குது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு பிறந்த உடனே லுகேமியா மாதிரி வந்து தானாவே போயிடுச்சுங்கிறாங்க, எப்படி?

உண்மைதான். அவங்களுக்கு 21ஆவது குரோமோசோம் மூணு இருக்கு. கருவுல இருக்கும்போதே காட்டா1 ஜீன்ல ஒரு மாற்றம் வந்து, முன்பகுதி இல்லாத குட்டை காட்டா1 மட்டும் உருவாகுது. இதனால பிறந்தப்போ ரத்தத்துல பிளாஸ்ட் தெரியும், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல பத்துல ஒருத்தருக்கு வரைக்கும் இது வரலாம். பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல தானா அடங்கிடும். அதுல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு நாலு வயசுக்குள்ள வேற மாற்றங்களும் சேர்ந்து நிஜ லுகேமியா வருது, அதனால தான் அடங்கின பிறகும் தொடர்ந்து ரத்தம் பாக்கச் சொல்றாங்க. நல்ல விஷயம், அந்த லுகேமியா கீமோவுக்கு ரொம்ப நல்லா கட்டுப்படும். ஒரு ஜீன் கெட்டா போதுமான்னு மேல கேட்ட கேள்விக்கு இதை விட தெளிவான சாட்சி இல்ல: குட்டை காட்டா1ஐ பரம்பரையா சுமக்குற, 21 மூணு இல்லாத குடும்பங்கள்ல ரத்தசோகை வருது, இந்த லுகேமியா வர்றதில்ல.

இது பரம்பரையா வருமா? தங்கச்சி மஜ்ஜை தர்றேங்கிறா, அவளுக்கும் டெஸ்ட் எதுக்கு?

பெரும்பாலான லுகேமியா பரம்பரை இல்ல. ஆனா சில குடும்பங்கள்ல ரன்எக்ஸ்1, சி-இபிபி ஆல்ஃபா, காட்டா2 மாற்றம் பிறப்புலயே இருக்கும். ரன்எக்ஸ்1 குடும்பங்கள்ல பிளேட்லெட் கம்மியா இருக்கும், சின்ன வயசுல இருந்தே சீக்கிரம் ரத்தம் கன்னும், எல்லாருக்கும் லுகேமியா வராது. காட்டா2ல மோனோசைட் குறைஞ்சு அபூர்வமான தொற்றுகள் வரும், சிலருக்கு கால் வீங்கும்.

தங்கச்சிக்கு டெஸ்ட் எதுக்குன்னா, நோயாளிக்கு இப்படி பிறவி மாற்றம் இருந்தா அவங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, பாக்க ஆரோக்கியமா இருந்தாலும். அந்த மஜ்ஜையை வச்சா அதே பலவீனத்தை திரும்ப வச்ச மாதிரி, தானம் வந்த செல்லுல இருந்தே பின்னால லுகேமியா வரலாம். ரத்தத்துலயே நோய் செல் கலந்திருக்கிறதால பிறவி மாற்றமான்னு உறுதி பண்ண தோல்ல இருந்து சின்னதா சாம்பிள் எடுப்பாங்க, அதுக்கு பயப்பட வேண்டாம்.

ரிப்போர்ட்ல ரன்எக்ஸ்1னு போட்டிருக்கு, நெட்ல ஒரு இடத்துல நல்லதுங்கிறாங்க இன்னொரு இடத்துல மோசம்ங்கிறாங்க, எது உண்மை?

ரெண்டும். ஏஎம்எல்ல ரன்எக்ஸ்1-ரன்எக்ஸ்1டி1 கலப்பு, அதாவது 8;21 மாற்றம், சாதகமான பிரிவுல வரும், கீமோவுக்கு நல்லா கேக்கும். கலப்பு எதுவும் இல்லாம ரன்எக்ஸ்1 ஜீன்லயே எழுத்து மாறியிருந்தா அது பாதகமான பிரிவு, பெரும்பாலும் முதல் ரிமிஷன் வந்ததும் (நோய் முதல் தடவை அடங்கினதும்) மஜ்ஜை டிரான்ஸ்பிளான்ட் பத்தி பேசுவாங்க. குழந்தை ஏஎல்எல்ல இடிவி6-ரன்எக்ஸ்1 இருந்தா மறுபடியும் நல்ல பிரிவு. அதனால பேரை மட்டும் பாத்து தேடாதீங்க. கலப்பா, எழுத்து மாற்றமா, எந்த வகை லுகேமியா, கூட எஃப்எல்டி3 மாதிரி வேற என்ன இருக்கு, இந்த நாலையும் டாக்டர்கிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கங்க, அதுக்கப்புறம் படிங்க.